சுவரில் இரண்டு காலண்டர்

அன்புள்ள ஐயா,

நான் வேலை பார்க்கும் இடத்தில் பயறு ஏற்றுமதிக் கொள்கைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். என்னோடு ஐந்து பேர். இரண்டு பேர் வெளிநாட்டில் பொருளாதாரம் படித்தவர்கள். நான் வெறும் வேளாண்மை டிப்ளமா, பெகு பக்கத்துக் கிராமத்துக்காரி. அவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயே எழுவதில்லை. எங்கே தொடங்குவது?

வாசகி, யாங்கோன், மியான்மர்

அன்புள்ள அம்மா,

சுவரில் இரண்டு காலண்டர் மாட்டுங்கள். ஒன்று நம் பயறை வாங்கும் இந்தியாவின் நிதியாண்டு, ஏப்ரலில் தொடங்குவது. மற்றது உங்கள் ஊர் வயல்: மழைநெல் அறுத்த ஈரம் காயுமுன் அக்டோபர், நவம்பரில் உளுந்து விதைப்பு, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு. அதாவது நாம் உளுந்து மூட்டை கட்டும் நேரத்தில் டெல்லியில் கணக்கு முடிக்கிறார்கள்.

2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது நினைவிருக்கும். இங்கே துவரை வயலில் நிற்கிறது, உளுந்து கிடங்கில் கிடக்கிறது. பர்மியர்கள் உளுந்தை அதிகம் தொடுவதில்லை. நம் வீட்டு இட்லிப் பானை எத்தனை டன்னைத் தாங்கும்? விலை விழுந்தது.

அப்போது நானும் ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். குழுவிலேயே இளையவளான ஒரு பெண், "விதைப்புக்கு முன் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்துவிடலாம் சார்" என்றாள். பெரிய படிப்புக்காரர் கணக்கு முழுசாகட்டும் என்றார். நான் அவர் பக்கம் சாய்ந்தேன். உளுந்தைக் குறைத்து வேறு பயிருக்கு மாறச் சொல்லும் எங்கள் அறிக்கை டிசம்பர் கடைசியில், நல்ல அட்டையோடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு பெகு பக்கம் போனபோது ஒரு பெரியவர் வரப்பில் நின்று, பூ விட்டிருந்த செடியைக் காட்டி, "இப்ப இதைப் பிடுங்கவா?" என்று கேட்டார். தப்பு என்னுடையது, அந்தப் படிப்புக்காரருடையது இல்லை.

ஆகவே கூட்டத்தில் வயலுக்குப் போய்வந்தவரை முதலில் பேசவிடுங்கள். டெல்லி அறிவிக்கைகளைப் படிப்பவர் அடுத்து. பொருளாதாரம் கடைசியில் வரட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொன்று: விவசாயி கூடைக் கணக்கில் பேசுவார், சந்தை வீசையில் (1.63 கிலோ, ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியது நம் வீசையைத்தான்), டெல்லி டன்னில், சென்னைக்கு விலை டாலரில். எல்லாவற்றையும் ஒரே தாளில் மாற்றிப் போட ஓர் ஆளை வையுங்கள். அலுப்பான வேலைதான். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

2021இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம், ஆண்டுக்கு உளுந்து 2.5 லட்சம், துவரை 1 லட்சம் டன் என்று 2025-26 வரை, கொஞ்சம் மூச்சுவிட வைத்தது. அதிலும் 'ஆண்டு' என்றால் நிதியாண்டுதான்.

ஒருநாள் காலையில் ஐந்து பேரையும் யாங்கோனின் பேயின்நாங் மொத்தச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், சேறு. தரகர் உளுந்தை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்ப்பார். எதற்கு ஊதுகிறார் என்று அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள்.