ஜெபத்தில் கேட்ட குரல்

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். சென்ற மாதம் நற்கருணை ஆராதனையில் அமர்ந்திருந்தபோது, "என் பின்னே வா" என்று உள்ளத்தில் தெளிவாகக் கேட்டது. கண்ணீரும் சொல்லமுடியாத அமைதியும் வந்தன. வேலையை விட்டு முழுநேர ஜெப ஊழியத்திற்கு வரும்படி கடவுள் அழைப்பதாக நம்புகிறேன். கணவர் தயங்குகிறார். தாமதித்தால் கீழ்ப்படியாமை ஆகுமா?

பதில்: சகோதரி, உங்களுக்குக் கிடைத்த அமைதியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது "என் பின்னே வா" என்ற சொல் மட்டுமே. வேலையை விடவேண்டும் என்பது அதற்குப் பின்னர் நீங்கள் கண்ட பொருள். ஆறுதல் கடவுளிடமிருந்தே நேராக வந்திருந்தாலும், அது தணிந்த பிறகு உள்ளம் இன்னும் கனிந்திருக்கும் நேரத்தில் நாம் செய்யும் தீர்மானங்கள் நம் சொந்த எண்ணத்தில் பிறந்தவையாக இருக்கக்கூடும் என்றும், அவற்றை நன்கு ஆராய்ந்த பின்னரே செயற்படுத்தவேண்டும் என்றும் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் எச்சரிக்கிறார்.

அவர் இதைத் தம் வாழ்விலேயே கற்றவர். 1524-இல் பார்சலோனா திரும்பி, முப்பது வயதைக் கடந்த நிலையில் லத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கியபோது, மனப்பாடம் செய்ய உட்காரும் போதெல்லாம் புதிய ஞான ஒளியும் பேரின்பமும் பொங்கிவந்து பாடத்தை மறக்கடித்தன. ஜெபத்திலும் திருப்பலியிலும்கூட வராத இந்தத் தெளிவு படிக்கும் வேளையில் மட்டும் ஏன் வருகிறது என்று எண்ணிப்பார்த்த அவர், அதைப் படிப்பிலிருந்து திசைதிருப்பும் சோதனை என்றே கண்டுகொண்டார். ஆசிரியரிடம் சென்று எல்லாவற்றையும் சொல்லி, படிக்கப்போகும் இரண்டு ஆண்டுகளும் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்களித்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. இனிமையை மட்டும் வைத்துக் கடவுளின் குரல் என்று முடிவு செய்ய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆராய்வது கீழ்ப்படியாமை ஆகாது. உள்ளத்தில் பலமுறை குரல் கேட்ட ஸ்பானியத் துறவி புனித அவிலா தெரேசாவே, முக்கியமான காரியமாயின், கற்றறிந்த விவேகமுள்ள குருவிடம் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறார். நீங்களும் ஓர் ஆன்ம குருவை அணுகுங்கள். ஊழியக் குழு ஏதேனும் உங்களை அழைக்கிறது என்றால், அதைச் சேர்ந்தவராக அவர் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. திருமணமும் அருள்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்கு, என்பதால், உங்கள் கணவரின் தயக்கத்தைத் தடை என்று ஒதுக்காமல், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். அதுவரை பணிவிலகல் கடிதம் வேண்டாம். வகுப்பறையில் உங்கள் பொறுமையும் கனிவும் வளர்கின்றனவா, குறைகின்றனவா என்று கவனித்து வாருங்கள். அந்தக் குரல் மிரட்டுவதாகவோ உறக்கத்தைக் கெடுப்பதாகவோ மாறினால், ஜெபத்தை விடாமலேயே மனநல மருத்துவரையும் உடனே பாருங்கள்.