கடன் நிர்வாக நிறுவனத்தில் சேருவதற்கு முன் வங்கிக் கணக்கை மாற்றுங்கள்

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த பணம்), தெரிந்தவர்களிடம் கைமாற்று. சம்பளமும் கடன்பட்ட வங்கியிலேயே விழுகிறது. எல்லாவற்றையும் ஒரே தவணையாக்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைக்கிறது, சேரலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். முதல் வேலை வங்கிக் கணக்கு.

கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளமும் விழுந்தால், தவணை தவறும்போது கணக்கில் உள்ள பணத்தை எடுத்து அந்தக் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. அது வாடகைப் பணம் என்று பிறகு வாதாடிப் பயன் குறைவு. ஆகவே எந்தக் கடனும் இல்லாத வங்கியில் ‘பேசிக் அக்கவுண்ட்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரிய வங்கிகள் இதைத் தரவேண்டும் என்பது சட்டம். கடன் வரலாறு மோசம் என்று மறுக்க முடியாது. மாதக் கட்டணம் இல்லை, ஓவர்டிராஃப்ட் இல்லை, டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் போகும் கட்டணம்) பணமில்லாமல் திரும்பினாலும் அபராதம் இல்லை. குழுமத்தையும் பாருங்கள்: ஹாலிஃபாக்ஸில் கடன் இருந்தால் லாய்ட்ஸைத் தவிர்ப்பது நல்லது, இரண்டும் ஒரே குடும்பம். கணக்கைத் தானாக மாற்றித்தரும் சேவையை நாடாதீர்கள். பழைய கணக்கை மூட ஓவர்டிராஃப்டைக் கட்டச் சொல்வார்கள். சம்பளத்தையும் வாடகையையும் நீங்களே புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இனி உதவி. கடன் ஆலோசனை தரும் அமைப்புகளான ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றுமே ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. அப்படியானால் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று என் மைத்துனர் சந்தேகப்பட்டார். ஸ்டெப்சேஞ்சுக்குப் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்களே நிதி தருகிறார்கள். நாம் கட்டும் தவணையில் அது கைவைப்பதில்லை. அந்தச் சந்தேகத்தாலேயே அவர் கட்டணம் வாங்கும் கடன் நிர்வாக நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். மாதத் தவணையில் கணிசமான பகுதி அவர்கள் கட்டணமாகப் போக, கடன் அசையவே இல்லை. தாமாக அழைப்பவர்களிடம் எனக்கு அன்றிலிருந்து நம்பிக்கை இல்லை.

ஆலோசகரிடம் போனால் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ பற்றிக் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் இருக்கிறது: அதில் சேர்க்கப்பட்ட பெரும்பாலான கடன்களுக்கு 60 நாட்கள் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். வாடகை, கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வரி), மின்சாரம் போன்றவற்றை வழக்கம்போல் கட்ட வேண்டும். இவற்றை விட்டுவிட்டுக் கார்டுக்குக் கட்டுகிறவர்கள்தான் அதிகம், கார்டுக்காரர் ஓயாமல் அழைப்பதால். வீட்டைவிட்டு வெளியேற்றுவது வாடகை பாக்கி. பெய்லிஃப் (பாக்கியை வசூலிக்கும் அமலாக்க அதிகாரி) வாசலுக்கு வருவது பெரும்பாலும் கவுன்சில் வரிக்காக.

இன்னொன்று. ஒரே தவணைத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். அது வெறும் ஒப்பந்தம்; வட்டியை நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. வருமானம் குறைவாக, சொந்த வீடு இல்லாமல், கடன் 50,000 பவுண்டுக்குள் இருந்தால் ‘டெட் ரிலீஃப் ஆர்டர்’ என்ற கடன் விடுவிப்பு ஆணை கிடைக்க வாய்ப்புண்டு. செலவு போக மாதம் 75 பவுண்டுக்கு மேல் மிஞ்சக்கூடாது. வழக்கமாக 12 மாதம் கழிந்ததும் அதில் சேர்த்த கடன்கள் தீர்ந்துவிடும்; விண்ணப்பக் கட்டணம் 2024 ஏப்ரலில் ரத்தானது. கட்டண நிறுவனங்கள் இதைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம், அவர்களுக்கு இதில் வருமானம் கிடையாது.

கைமாற்றையும் சீட்டுப் பாக்கியையும் ஆலோசகரிடம் மறைக்காதீர்கள். மரியாதைக்காக அதை மட்டும் முன்கூட்டி அடைத்தால், ஒருவருக்குச் சலுகை காட்டியதாகக் கருதப்பட்டு அந்த ஆணையே கிடைக்காமல் போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.