வெள்ளைச் சுறா திரியும் கடல் என்று தெரிந்தும் சர்ஃபிங் போகிறவர்களுக்குப் பயமே இல்லையா?

பயம் இருக்கிறது. இருந்தும் போகிறார்கள். கேள்வி கேட்டவர் "இவர்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லையா, அந்தச் சுறாக்களைப் பிடித்து ஒழித்துவிட்டால் என்ன" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், கடலோடு எங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் மலையகத்துப் பிள்ளைகள் பலரைப் போல நானும் சீசன் வேலைக்குக் கிழக்குக் கரையில் பொத்துவில் பக்கம் இருக்கும் அறுகம்பே போய், சர்ஃபிங் பலகை, அதாவது போர்ட், வாடகைக்கு விடும் கடையில் நின்றவன். அங்கே தண்ணீர் 27, 28 பாகை இருக்கும், பனியனோடு இறங்கலாம். நீங்கள் கேட்கும் வெள்ளைச் சுறா நம் கரையில் வழக்கமாகத் திரிகிற மீன் இல்லை. கலிபோர்னியா, தென்னாபிரிக்கா, தென் அவுஸ்திரேலியா போன்ற குளிர்ந்த கரைகள்தான் அதன் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவை. அந்தக் குளிரில்தான் கடல்நாயும் கடற்சிங்கமும் கூட்டமாக வாழ்கின்றன, வளர்ந்த வெள்ளைச் சுறாவுக்கு அந்தக் கொழுப்புதான் சாப்பாடு. அதோடு, பெரும்பாலான மீன்களைப் போல அதன் உடம்பு முழுவதும் தண்ணீரின் குளிருக்கு இறங்கிவிடாது. தசையையும் வயிற்றையும் மூளையையும் சுற்றுத் தண்ணீரைவிடச் சூடாக வைத்துக்கொள்கிற மாதிரி அதன் இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன, அதனால் குளிரிலும் அதே வேகத்தில் பாயும்.

கடைக்கு ஒருமுறை கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ்காரர் ஒருவர் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். போர்ட்டில் கால் வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அது குளிர் தண்ணீருக்கென்று மென்மையாகச் செய்தது, பொத்துவில் வெயிலில் அரை மணி நேரத்தில் உருகிப் பை முழுவதும் ஒட்டிக்கொண்டது. நான் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே அவரிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். அவர் வழக்கமாக இறங்கும் கடல் 11, 12 பாகைக்குப் போகுமாம். குளிர் தாங்கும் தடித்த ரப்பர் உடை (வெட்சூட்), காலுக்கு உறை, சில நாள் தலைக்கும் உறை. வெட்சூட்டுக்குள் ஒரு ரூர்னிக்கே பட்டி எப்போதும் இருக்குமாம், கை கால் கடிபட்டால் இரத்தத்தை இறுக்கி நிறுத்துகிற பட்டி. "இருக்கிறது என்று தெரியும், அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்வோம்" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பட்டி வீண் அல்ல. வெள்ளைச் சுறா மனிதரைக் கடித்தால் பெரும்பாலும் ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கீழேயிருந்து பார்க்கும்போது போர்ட்டில் படுத்திருப்பவர் கடல்நாய் மாதிரித் தெரிகிறார் என்று சிலர் சொல்கிறார்கள், கையில்லாத பிராணி வாயால் தொட்டுப் பார்க்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் நாலு மீற்றர் பிராணி "தொட்டுப் பார்த்தால்" உயிருக்கு ஆபத்து இரத்தம் போவதில்தான்.

ஆனால் எத்தனை பேரைக் கடிக்கிறது என்று பாருங்கள். லோங் பீச்சில் இருக்கும் கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத்து ஆட்கள் 2019 முதல் 2021 வரை தென் கலிபோர்னியாவின் 26 கடற்கரைகளுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இரண்டு இடங்களில், பார்த்த நாட்களில் 97 சதவீதத்தில் மனிதரும் சுறாவும் ஒரே தண்ணீரில் இருந்திருக்கிறார்கள். கீழே சுறா போகிறது, மேலே போர்ட்டில் ஒருவர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்திருக்கிறார், அவருக்கு எதுவுமே தெரியாது. இவை மீனும் திருக்கையும் தின்னும் குட்டிகள் என்பதையும் சொல்லவேண்டும், வடக்கே கடல்நாய்க் கூட்டத்துக்குப் பக்கத்தில் திரியும் பெரியவற்றோடு இதை ஒன்றாக வைக்க முடியாது. இருந்தாலும் 2024ல் உலகம் முழுக்க, எல்லாச் சுறா இனங்களும் சேர்ந்து, சீண்டாத மனிதரைக் கடித்ததாகப் பதிவானது 47 பேரைத்தான், அதில் இறந்தது நாலு பேர்.

இதை எங்கள் தோட்டத்தில் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எங்களுக்குச் சிறுத்தை. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) நாய் விடியக் காணவில்லை என்றால் இரவு சிறுத்தை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அம்மா தேயிலை நிரைக்குள் இறங்குமுன், கொழுந்து பறிக்கும் மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்கம்பால் செடியை இரண்டு தட்டுத் தட்டுவார், பக்கத்து நிரைக்காரியைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே நுழைவார். படுத்திருக்கிற பிராணிக்கு ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது எழுந்து போய்விடும், திடுக்கிட்டால்தான் பாயும். இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சரி, பேச்சு முழுக்கச் சிறுத்தையைப் பற்றித்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் குளவி கொட்டியவர்களை. கடலிலும் அப்படித்தான், உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மூழ்கிச் சாகிறவர்கள் சுறா கடித்துச் சாகிறவர்களைவிட எத்தனையோ மடங்கு.

ஒரு வித்தியாசத்தை நான் மறைக்க விரும்பவில்லை. சர்ஃபர் ஆசைப்பட்டு இறங்குகிறார், அம்மா நாள் சம்பளத்துக்கு இறங்குகிறார். 2015ல் தென்னாபிரிக்காவின் ஜெஃப்ரிஸ் பே போட்டியில், நேரலையில், அவுஸ்திரேலிய சர்ஃபர் மிக் ஃபேனிங்கை வெள்ளைச் சுறா மோதிக் கவிழ்த்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காயமில்லாமல் தப்பினார், அடுத்த வருஷம் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் போட்டியையே வென்றார். திரும்பிப் போவதா இல்லையா என்று அவர் முடிவெடுக்கலாம். சிறுத்தை கீறிய பெண்ணுக்குக் காயம் ஆறியதும் அதே மலைதான். அதனால் சர்ஃபர்களை வீரர்கள் என்று தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வராது, முட்டாள்கள் என்றும் சொல்ல மாட்டேன். இருக்கும் ஆபத்தைத் தெரிந்துகொண்டு, அதை அந்த மிருகத்தின் தலையில் கட்டாமல் தாங்களே ஏற்றுக்கொள்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

இப்போது ஒழிப்பது பற்றி. பெண் வெள்ளைச் சுறா குட்டி போடும் வயதுக்கு வரவே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கொன்றாலே இனம் மறுபடி எழும்ப நீண்ட காலம் பிடிக்கும். தென்னாபிரிக்கா 1991லேயே அதைப் பாதுகாத்தது, கலிபோர்னியா 1994ல். அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கடற்கரைக்கு வெளியே போடுகிற சுறா வலை கரையை அடைத்து நிற்பதே இல்லை, பக்கவாட்டில் சுறா தாராளமாகப் போய் வரும், ஆமையும் டொல்பினும் மாட்டிச் சாகும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டிச் செத்ததே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரிச் சுருக்கு பன்றிக்கு வைப்பது. எங்கள் மலையில் கருஞ்சிறுத்தை இருப்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரியும், தெரிந்த கையோடு அது போயும்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கேப் டவுன் பக்கம் ஃபோல்ஸ் பேயில் வெள்ளைச் சுறாக்கள் சில வருஷமாகக் கண்ணில் படுவதே இல்லை. தென்னாபிரிக்கக் கரையில் ஓர்க்காத் திமிங்கிலங்கள் அவற்றைக் கொன்று ஈரலை மட்டும் தின்றது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, மனிதர் பிடித்ததும் வலையும் இன்னொரு காரணம். அவை போனதும் அங்கே கடல்நாய்களும் வேறொரு சுறா இனமும் பெருகி, அவை தின்கிற மீன்கள் குறைந்துவிட்டன. அதே கேப் டவுனில் 2004 முதல் ஒரு நல்ல ஏற்பாடு நடக்கிறது. மலைச் சரிவில் ஆட்கள் தொலைநோக்கியோடு உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள். சுறா தெரிந்தால் கீழே சைரன் ஊதும், சுறாப் படம் போட்ட வெள்ளைக் கொடி ஏறும், எல்லாரும் கரைக்கு வருவார்கள், அது போனபின் மறுபடி இறங்குவார்கள். அதற்காக ஒரு சுறாவையும் கொல்லவேண்டியதில்லை. மலையில் பிறந்த எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது, நம் தோட்டங்களிலும் கொழுந்து மலைக்கு மேலே ஒருவரை இப்படி நிறுத்தினால் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

நீங்கள் வெள்ளைச் சுறா திரியும் கடலில் போய் இறங்கப்போகிறீர்கள் என்றால், கடல்நாய்க் கூட்டத்துக்கும் ஆற்று வாய்க்கும் தள்ளி இருங்கள், தனியாகப் போகாதீர்கள், கலங்கிய தண்ணீரையும் இருட்டும் நேரத்தையும் விடுங்கள், பட்டியை வாங்கினால் மட்டும் போதாது, கட்டப் பழகுங்கள். அறுகம்பேக்கு வருவதாக இருந்தால் வெள்ளைச் சுறாவை மறந்துவிடலாம், ஆனால் எலிஃபண்ட் ரொக், பீனட் ஃபார்ம் என்ற சர்ஃபிங் இடங்கள் பக்கம் இருக்கும் களப்பில் (உப்பங்கழியில்) கை கால் கழுவக்கூட இறங்காதீர்கள். 2017ல் பிரிட்டன்காரர் ஒருவரை முதலை இழுத்துப்போனது அங்கேதான்.