கொப்பியும் பேனையுமாக இருக்கும் அப்பாவுக்கு விலக்குக் கிடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. லண்டனில் இன்னும் தன் சின்னக் கடையை நடத்துகிறார். எல்லாக் கணக்கும் கொப்பியில்தான். வற் (VAT, பெறுமதி சேர் வரி) கணக்கை இதுவரை நான் என் கணினியில் ஏற்றி அனுப்பிவந்தேன். இப்போது வேலை மாறி ஸ்கொட்லாந்து போகிறேன். அப்பாவுக்குக் கைநடுக்க வருத்தம், கண்ணும் மங்கல். "ஒன்லைனில்தான் அனுப்பவேண்டும், ஒருவருக்கும் விலக்கில்லை" என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். உண்மையா அண்ணா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: பாதி உண்மை, தங்கச்சி. 2022 ஏப்ரலில் இருந்து வற் பதிவுள்ள எல்லா வியாபாரமும், சின்னதோ பெரிதோ, கணக்கை மென்பொருளில் வைத்து அதன் வழியாகவே அனுப்பவேண்டும். ஆனால் விலக்கும் அதே விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. வயது, உடல் இயலாமை, இணையம் எட்டாத இடம், அல்லது வேறு தகுந்த காரணத்தால் இந்த முறை ஒருவருக்குச் சரிவராது என்றால் அவர் பிரித்தானிய வரித் திணைக்களத்திடம் (HMRC) விலக்குக் கேட்கலாம். கணினியை ஏற்காத சமயக் கொள்கை உள்ளவர்களுக்கும், நொடிப்பு நடவடிக்கையில் இருக்கும் வியாபாரங்களுக்கும் தனி விலக்கு உண்டு.

இது சும்மா கிடைத்ததல்ல. 2012 இல் இணையவழி வற் கணக்கு ஏறக்குறைய எல்லாருக்கும் கட்டாயமானபோது கடைசியாகச் சொன்ன இரண்டு விலக்கும்தான் இருந்தன. பிஷப் எலெக்ட்ரிக் என்ற நிறுவனமும் வேறு சிலரும் வரித் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். முதியவர்கள், இயலாதவர்கள், இணையம் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு விலக்கு வைக்காதது மனித உரிமை மீறல் என்று 2013 இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள்.

அப்பாவின் விஷயத்தில் எல்லாம் கடிதத்தில்தான் தங்கியிருக்கிறது. என்னிடம் வந்துபோகும் தையற்காரர் ஒருவர், வயது 79, தானே எழுதிய கடிதத்தோடு வந்தார். "எனக்கு வயதாகிவிட்டது, கணினி தெரியாது." அவ்வளவுதான். இதை அனுப்பாதீர்கள் ஐயா என்று வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் கணினியிலேயே அவரை வரிக் கணக்குக்குள் போகச் சொன்னேன். கடவுச்சொல் மூன்று தரம் பிழைத்தது. பிறகு கைத்தொலைபேசிக்கு ஆறு இலக்கம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி, மாட்டி, முதல் மூன்று இலக்கத்தை வாசித்துவிட்டுத் திரையைப் பார்க்கிறார். மிச்ச மூன்றுக்குத் திரும்பும்போது அந்தச் செய்தி மறைந்துவிட்டது. இதைத்தான் அப்படியே எழுதினேன். கண் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தோம். விலக்குக் கிடைத்தது.

ஆகவே வயதை மட்டும் எழுதாதீர்கள். அப்பாவின் விரல் எந்த வேலையில் தடுமாறுகிறது, எவ்வளவு நேரம் திரையைப் பார்க்க முடிகிறது என்று எழுதுங்கள். மென்பொருள் பழக்கமில்லை, செலவு கூடும், கொடுக்கல் வாங்கல் கொஞ்சம்தான், முன்பு காகிதத்தில்தான் அனுப்பினோம் என்பவை எடுபடாத காரணங்கள். சங்கடமான கேள்வி ஒன்றும் வரும்: "இவ்வளவு நாளும் யார் அனுப்பினார்கள்?" மழுப்பவேண்டாம். மகள் அனுப்பினாள், இன்ன மாதம் இடம் மாறுகிறாள், பக்கத்தில் வேறு ஆளில்லை என்று நேராகவே சொல்லுங்கள்.

தொலைபேசியிலும் கேட்கலாம், கடிதத்திலும் கேட்கலாம். வற் இலக்கம், கடையின் பெயர், முகவரி, இப்போது கணக்கு அனுப்பும் முறை, காரணம் இவை போதும். நான் கடிதத்தையே விரும்புவேன், கையில் பிரதி இருக்கும். பதில் வரும்வரை தவணைகளைத் தவறவிடாமல் நீங்களே அனுப்புங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாம். விலக்குக் கிடைத்தாலும் வரியும் கணக்கும் போகாது. அந்தக் கொப்பிகளை ஆறு வருடம் வைத்திருக்கவேண்டும்.

அப்புறம், விற்பனை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வரிக்குட்பட்ட விற்பனை வருடத்துக்கு 88,000 பவுணுக்குக் கீழே இறங்கிவிட்டால் வற் பதிவையே நீக்கிக்கொள்ளக் கேட்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

கேள்வி: நான் மினிகப் ஓட்டுகிறேன். 2024–25 இல் ஓட்டத்தில் வந்தது 54,000 பவுண். செலவு போக மிஞ்சியது 29,000 தான். வருமான வரிக்கும் இந்த மென்பொருள் கட்டாயமாமே, நான் 50,000 எல்லைக்குக் கீழேதானே? இல்லையென்றால் நானும் விலக்குக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், லூட்டன்

பதில்: இல்லைத் தம்பி. அந்த எல்லையைச் செலவு கழிக்க முன் வந்த காசில்தான் பார்ப்பார்கள். ஆகவே 2026 ஏப்ரல் 6 முதல் நீங்கள் உள்ளே. காலாண்டு விபரங்களை ஓகஸ்ட் 7, நவம்பர் 7, பெப்ரவரி 7, மே 7 ஆகிய நாட்களுக்குள் அனுப்பவேண்டும். நாலு தரம் அனுப்புவதால் நாலு தரம் வரி கட்டவேண்டும் என்றில்லை, கட்டும் தேதிகள் பழையவைதான். 2027 இல் எல்லை 30,000, 2028 இல் 20,000 என்று இறங்குகிறது, கூட ஓடும் நண்பர்களுக்கும் சொல்லிவையுங்கள். விலக்குக் கேட்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பின்னாலேயே கணக்கைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். இணையம் ஒத்துவராது என்று நீங்கள் எழுதினால் நானே நம்பமாட்டேன்.