அப்பாவோடு பார்க்கலாமா அந்தப் படத்தை?

காதலியைப் பற்றி வீட்டில் சொல்வதற்கு முன் அப்பா அம்மாவோடு 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' (2002) பார்க்கலாமா, அப்பாவைக் குத்திக்காட்டுவது போல ஆகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாருங்கள். படத்தில் கிரேக்கக் குடும்பத்துப் பெண் கிரேக்கரல்லாத ஒருவரைக் காதலிப்பாள், அவள் அப்பா எதிர்ப்பார். சிகாகோவில் உணவகம் நடத்தும் அந்த அப்பா எந்தப் புண்ணுக்கும் கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸை அடிக்கிற ஆள்தான். ஆனாலும் படம் அவரை வில்லனாக்கவில்லை. எழுதி நடித்த நியா வர்டாலோஸ் தன் கல்யாணக் கதையிலிருந்து எடுத்தது, அந்தப் பிரியம் தெரியும்.

அம்மாவுக்குக் கேக் காட்சி பிடிக்கும். மாப்பிள்ளையின் அம்மா நடுவில் ஓட்டையுள்ள கேக் கொண்டு வருவார். பெண்ணின் அம்மாவுக்கு அது என்னவென்றே புரியாது. ஓட்டையில் ஒரு பூந்தொட்டியைச் செருகிப் பெருமையாக எடுத்து வருவார். (எங்கள் வீட்டில் இதை மட்டும் இரண்டு தடவை போட்டோம்.) முத்தக் காட்சி கொஞ்சம் உண்டு, ரிமோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சிக்கல், மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிக் கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்துவிடுவார். "அப்போ அந்தப் பொண்ணும் நம்ம பக்கம் வருமா?" என்று அப்பா பின்னால் கேட்கலாம். அதை உங்கள் காதலியோடு முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் படத்தைப் போடுங்கள்.