பழைய வழிகாட்டி நூல் 4 யூரோதான், வாங்கலாமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் பிரான்ஸின் செவென் மலைப்பகுதியில், ஸ்டீவன்சன் பாதை எனப்படும் ஜி.ஆர். 70 என்ற நெடுந்தூர நடைபாதையில் ஒரு வாரம் நடக்கப் போகிறோம். இந்தப் பாதைக்கான வழிகாட்டி நூலின் பன்னிரண்டு வருடப் பழைய பதிப்பை இணையத்தில் ஒருவர் 4 யூரோவுக்கு விற்கிறார். புதியது பல மடங்கு விலை. பாதை அதேதானே, பழையது போதாதா? இல்லாவிட்டால் புதியதைத் தள்ளுபடியில் வாங்க வழி உண்டா? கைபேசி இருக்கும்போது நூலே எதற்கு என்கிறார் கணவர்.

பதில்: புதியதையே வாங்குங்கள். பழைய நூலில் மலையும் ஆறும் வரலாறும் கெடாது. கெட்டுப்போவது, மாலை ஐந்து மணிக்குக் களைத்து வரும்போது உங்களுக்குத் தேவைப்படும் தகவல்கள்தான்: எந்த ஊரில் தங்குமிடம் இருக்கிறது, மளிகைக் கடை எந்த நாள் மூடியிருக்கும், பேருந்து இன்னும் ஓடுகிறதா. சிற்றூர்களில் கடையே ஒன்றுதான் இருக்கும். அதை மூடிவிட்டால் அடுத்தது பல கிலோமீட்டர் தள்ளி. பாதையும் அதேதான் என்று சொல்ல முடியாது. மண் சரிந்தாலோ, மரம் வெட்டினாலோ, நிலத்துக்காரர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ சில பகுதிகளை மாற்றிவிடுவார்கள்.

தள்ளுபடிக்கு அலைய வேண்டாம். பிரான்ஸில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகத்தின் விலையைப் பதிப்பகமே வைக்கிறது. கடைக்காரர் அதிகபட்சம் 5 சதவீதம்தான் குறைக்கலாம். இணையத்தில் 35 யூரோவுக்குக் குறைவாகப் புதுப் புத்தகம் வாங்கினால், 2023 அக்டோபரிலிருந்து அனுப்பும் செலவாகக் கடை உங்களிடம் குறைந்தது 3 யூரோ வசூலித்தாக வேண்டும். போகிற வழியில் ஒரு புத்தகக் கடையில் நேரில் வாங்குவதே லாபம், புரட்டிப் பார்த்தும் வாங்கலாம். புதுப் புத்தகத்தைப் பாதி விலைக்கு யாராவது தந்தால் உஷாராக இருங்கள். வெளியாகி இரண்டு ஆண்டுக்கு மேலாகி, ஆறு மாதமாகப் புதிதாகத் தருவிக்காத சரக்கை மட்டுமே கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைத்து விற்கச் சட்டம் விடுகிறது. அதாவது, அது பழைய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது அட்டையைப் பார்க்காமல், பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்ட தேதி புதிதாக இருந்தும் உள்ளே இருப்பது பழைய எழுத்தாகவே இருக்கலாம். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு என்பதுதான் கணக்கு. இன்னொன்று: கடையிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு, தனிநபரிடம் வாங்கினால் கிடையாது. அந்த 4 யூரோ நூல் வந்தபின் மனம் மாறினாலும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கைபேசி. ஐ.ஜி.என். எனும் அரசு நிறுவனத்தின் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், அருமையானவை. ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, மழையில் திரையைத் தொட்டு நகர்த்துவதும் பாடு. முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், அதோடு அவர்களின் 1:25,000 அளவுக் காகித வரைபடமும் ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். நூல் பாதையை மட்டும் சொல்லும். பாதையை விட்டு இறங்கியாக வேண்டிய நாளில் வரைபடம்தான் கைகொடுக்கும். செவெனில் இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்திலேயே மாதக்கணக்கான மழை கொட்டிவிடும், ஓடைகள் சட்டென்று பெருகும். வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸ் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை தந்தால் அன்றைக்கு நடக்கவே வேண்டாம். 1,699 மீட்டர் உயரமுள்ள ஃபினியேல் உச்சிப் பக்கம் மூடுபனியும் இறங்கும். அங்கே நட்டிருக்கும் கல்தூண்களைத் தொடர்ந்து போங்கள். நூலில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பதற்கானது, சாப்பாட்டையும் ஓய்வையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நூல் ஒரு பக்கம் போகச் சொல்கிறது, மரத்தில் உள்ள குறி வேறு பக்கம் காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: குறியை. 1947-இல் தொடங்கிய நடைபயணக் கூட்டமைப்பின் தன்னார்வலர்கள் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு கோடுகள் இருந்தால் ஜி.ஆர். பாதை; மஞ்சள் கோடு மட்டும் இருந்தால் அந்த ஊரைச் சுற்றும் சிறு பாதை. கோடுகள் பெருக்கல் குறிபோல் இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெகுநேரமாகக் குறியே கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பி வந்து அங்கிருந்து தேடுங்கள்.