வேலையில தன்னம்பிக்கை: மணலி ஷிப்ட்காரர்கிட்ட கேட்ட கேள்விகள்

ப்ளான்ட்ல ரொம்ப வருஷமா ஷிப்ட் பாக்குறேன், புதுசா வர்ற ட்ரெய்னிகள நம்மகிட்டதான் அனுப்புவாங்க, அதனால பயந்து நிக்குற பசங்கள நெறய பாத்தாச்சு. வேலையில வர்ற தயக்கம் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நம்ம வடசென்னை ஏரியா ஆளுங்க வரிசையா கேட்டுட்டாங்க. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அண்ணா, ஐடில டீம் லீட் ஆகி கொஞ்ச நாள்தான் ஆகுது. க்ளையன்ட் கால்ல பதில் தெரிஞ்சாலும் வாய் வரமாட்டேங்குது, நான் நெனச்சதையே இன்னொருத்தர் சொல்லி பேர் வாங்கிடுறாரு. கான்ஃபிடன்ஸ் எப்படி வளத்துக்குறது? (கொடுங்கையூர்)

தம்பி, மொதல்ல இந்த "கான்ஃபிடன்ஸ்"ங்கிறத ஒரே சாமானா பாக்காத. நீ வீட்ல தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபக்காரன்கிட்ட பேரம் பேசுவ, அங்க வாய் வருதுல்ல? வேலைக்கு வேலை அது தனித்தனி. ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல்காரர் 1977லயே இதத்தான் எழுதுனாரு, ஒரு குறிப்பிட்ட வேலைய நம்மால செய்ய முடியும்ங்கிற நம்பிக்கை நாலு வழியில வருது: நாமளே செஞ்சு பாக்குறது, நம்மள மாதிரி ஒருத்தர் செய்றத பாக்குறது, அடுத்தவங்க "உன்னால முடியும்"னு சொல்றது, அப்புறம் அந்த நேரத்துல நம்ம உடம்பு படபடக்குதா இல்லையாங்கிறது. இதுல முதல் வழிக்குத்தான் பலம் ஜாஸ்தி. நாம எல்லாரும் மூணாவத நம்பி மோட்டிவேஷன் வீடியோ பாத்துட்டு ஒக்காந்திருக்கோம்.

உனக்கு ஒண்ணு சொல்றேன், எங்க கன்ட்ரோல் ரூம்ல ஒரு சீனியர் இருந்தாரு, ஏதாவது அலாரம் அடிச்சு ட்ரெய்னி "சார் கம்ப்ரஸர்ல ஏதோ பிரச்சன போல"ன்னு இழுத்தா ஒடனே நிறுத்துவாரு, "ரீடிங் சொல்லு, கருத்த அப்புறம் சொல்லு"ம்பாரு. "டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் இவ்ளோ, பத்து நிமிஷமா ஏறுது"ன்னு அந்த பையன் சொல்ல ஆரம்பிச்சதும் குரலே மாறிடும், ஏன்னா நம்பர்ல நடுங்க ஒண்ணும் இல்ல. நீயும் கால் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு வரி எழுதி வெச்சுக்கோ: எத்தன டிக்கெட் (அதான், க்ளையன்ட் பதிவு பண்ண வேல) முடிஞ்சுது, எது நிக்குது, யார்கிட்ட நிக்குது. முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள அதுல ஒரு வரிய சொல்லிடு. லேட் ஆக ஆக வாய் தெறக்குறது கஷ்டம்.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில பிஜி பண்றேன் சார், எங்க வீட்ல முதல் டாக்டர். என்னைக்காவது "இவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு டியூட்டி முழுக்க பயமா இருக்கு.

நீ மட்டும் இல்லம்மா. 1978ல பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு பேர் இதுக்கு "இம்போஸ்டர் ஃபினாமினன்"னு ஒரு பேரே வெச்சு எழுதுனாங்க, நல்லா படிச்சு சாதிச்ச பொம்பளைங்கள பாத்துட்டுத்தான் எழுதுனாங்க. ஆனா பேர் தெரிஞ்சுட்டா பயம் போயிடாது. டாக்டர் வேலையில கொஞ்சம் பயம் இருக்கிறதுதான் பேஷன்ட்டுக்கும் நல்லது, அத மொத்தமா தொடச்சுப் போட்டவங்க பக்கத்துல எனக்கு படுக்க ஆச இல்ல.

உங்களுக்கு லாக் புக் இருக்குமே, அத பரீட்சைக்கு கையெழுத்து வாங்க மட்டும் எழுதாத. ஒவ்வொரு ப்ரொசீஜருக்கும் நேரா ஒரு குறி போடு: பாத்தது, சீனியர் பக்கத்துல நிக்க செஞ்சது, தனியா செஞ்சது, ஜூனியருக்கு சொல்லிக் குடுத்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு "எனக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னு மனசு சொல்லும்போது அந்த பக்கத்த தெற. தெரியாதது எதுன்னும் அதுலயே தெரியும், காலையில அத மட்டும் போய் கேளு. "ஒண்ணுமே தெரியாது"ங்கிறது பயம், "சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல விடுற ட்யூப்) இன்னும் தனியா போட்டதில்ல"ங்கிறது தகவல்.

இன்டர்வியூக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இடுப்புல கை வெச்சு நெஞ்ச நிமித்தி நின்னா ஹார்மோன் மாறி தைரியம் வரும்ங்கிறாங்களே, உண்மையா?

2010ல அப்படி ஒரு ஆய்வு வந்துது. அப்புறம் பெரிய அளவுல செஞ்சு பாத்தவங்களுக்கு ஹார்மோன் மாறவே இல்ல, எழுதுன மூணு பேர்ல ஒருத்தரே 2016ல எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னுட்டாங்க. நிமிந்து நில்லு, தப்பில்ல, ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல உன் ரெஸ்யூம இன்னொரு வாட்டி படி.

அண்ணா நான் இருக்குறது வியாசர்பாடி, ஆபீஸ் ஓஎம்ஆர் ஐடி ரோட்ல. யாராவது கேட்டா "பெரம்பூர் பக்கம்"னுதான் சொல்றேன். வாய் தவறி "இன்னா"ன்னு வந்தா சிரிக்கிறாங்க. இது தாழ்வு மனப்பான்மையா?

இந்த கேள்விக்காகத்தான் நான் ஒக்காந்தேன்னு வெச்சுக்கோயேன். உன் மனசுல நோய் ஒண்ணும் இல்ல தம்பி, சினிமால நம்ம ஏரியான்னா கத்தி, கஞ்சா, ரவுடின்னே காட்டி காட்டி அந்த சிரிக்கிறவனுங்க மண்டையில ஏத்தி வெச்சிருக்கானுங்க, அதுக்கு நீ ஏன் தன்னம்பிக்கை புக்கு வாங்கிப் படிக்கணும்? ஆனா ஒண்ணு, மறைக்க மறைக்க உன் புத்தியில பாதி அந்த காவலுக்கே செலவாவும், மீதி பாதிய வெச்சுத்தான் நீ வேல பாக்குற. ஒரு வாட்டி சாதாரணமா "வியாசர்பாடி"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடு, விளக்கம் குடுக்காத. முதல் தடவ கூசும், அப்புறம் யாரும் திரும்ப கேக்க மாட்டாங்க. ப்ரசென்டேஷன்ல ஒரு மாதிரி பேசுறது, டீக்கடையில ஒரு மாதிரி பேசுறது, அது எல்லா ஊர்க்காரனும் செய்றதுதான், அத நடிப்புன்னு நெனைக்காத.

பாண்டுரா சொன்ன ரெண்டாவது வழி ஞாபகம் இருக்கா, நம்மள மாதிரி ஒருத்தர் செய்றத பாக்குறது? உங்க வியாசர்பாடி இளவழகி 2008லயே கேரம்ல உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோக்காரர் பொண்ணு, 2024ல அமெரிக்கா போய் உலகக்கோப்பையில மூணு தங்கம் வாங்குச்சு. நம்ம தெருவுல போர்டு போட்டு ஆடுற புள்ளைங்களுக்கு அது பக்கத்து வீட்டு சேதி, அதனாலதான் அங்க அத்தன பேர் ஆடுறாங்க. உன் தொழில்ல நம்ம பக்கத்துல இருந்து மேல வந்த ஒருத்தர தேடிப் புடி, மாசம் ஒரு வாட்டி டீ வாங்கிக் குடுத்து பேசு.

ப்ரசென்டேஷன்ல கை நடுங்குது, அமைதியாகணும்னு நெனச்சா இன்னும் ஜாஸ்தியாவுது.

அமைதியாக ட்ரை பண்ணாத. ஹார்வர்டுல ஒரு ஆய்வு, 2014ல வந்துது, மேடை ஏறுறதுக்கு முன்னாடி "நான் ஆர்வமா இருக்கேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டவங்க "நான் அமைதியா இருக்கேன்"னு சொன்னவங்கள விட நல்லா பேசுனாங்க. பேப்பர கையில புடிக்காத, நடுக்கத்த ஊருக்கே காட்டிக் குடுக்கும்.

மேனேஜர் எல்லார் முன்னாடியும் தினம் திட்டுறாரு. எங்க அக்கா சொல்ற மாதிரி எனக்குத்தான் தன்னம்பிக்கை பத்தலையா?

உங்க அக்கா பாசத்துல சொல்றாங்க, ஆனா இல்ல. தப்பு இன்னதுன்னு சொல்லி திட்டுனா கத்துக்கலாம், "நீ லாயக்கில்ல"ன்னு திட்டுனா அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ "சார், எந்த இடத்துல தப்பு, எப்படி இருந்திருக்கணும்?"னு மெயில்ல கேளு. பதிலே வரலன்னா உனக்கு வேண்டியது வேற வேல, அத அமைதியா தேட ஆரம்பி.

மீட்டிங்ல "தெரியல"ன்னு சொன்னா மதிப்பு போயிடாதா?

வெறும் "தெரியல"ன்னு நிறுத்துனா போகும். எங்க ஷிப்ட் ஹேண்டோவர்ல பழக்கம் என்னன்னா, தெரிஞ்சது இது, இன்னும் பாக்காதது இது, எப்ப பாத்து சொல்லுவேன்னு மூணையும் சேத்து சொல்லிட்டுத்தான் சீட்ட விட்டு எழுந்திரிக்கணும். தெரியாதத மறைச்சுட்டு வீட்டுக்கு போனவன அடுத்த ஷிப்ட்காரன் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டான். நீயும் "நாளைக்கு பதினொரு மணிக்குள்ள சொல்றேன்"னு சொல்லு. சொன்னா பதினொரு மணிக்குள்ள போன் பண்ணிடு, பதில் கெடைக்கலன்னாலும் இன்னும் கெடைக்கலன்னு சொல்லவாவது பண்ணு.